எக்நாக் பிஸ்கட்டும் நம்ம அச்சு முறுக்கும்

ஆசிரிய நண்பர்களே, ‘பண்டிகைப் பலகாரம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு மாணவி எக்நாக் பிஸ்கட் சுட்டதை எழுதி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெண்ணெய், சீனி, மஞ்சள் கரு, கோதுமை மாவு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். சுட்டு ஆறவைத்து, மேலே ஐசிங் சீனியைப் பாலில் குழைத்துப் பூசியிருக்கிறாள். ‘இது நம்ம பலகாரமா?’ என்று சிவப்பு மையில் கேட்க நமக்குக் கை துறுதுறுக்கும். கேட்பதற்கு முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

எக்நாக் என்பது பால், முட்டை, சீனி மூன்றையும் அடித்துக் கலக்கும் பானம். பெரியவர்களுக்கு ரம்மோ பிராந்தியோ சேரும். ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்காவுக்குப் போய் அங்கே கிறிஸ்மஸ் பானமாக நிலைத்தது. மதுவை விட்டுவிடலாம், ஜாதிக்காயை விட்டால் அந்த வாசமே வராது.

அந்த ஜாதிக்காய்க்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகச் சந்தைக்கு அதைக் கொடுத்தவை இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 1621இல் டச்சுக் கம்பெனிப் படை அத்தீவு மக்களைக் கொன்றது, விரட்டியது, அடிமைகளாக்கியது. எல்லாம் இந்த ஒரு கொட்டையின் வியாபாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளத்தான். 1796இல் ஆங்கிலேயர் தீவுகளைப் பிடித்ததும் கன்றுகள் கடல் தாண்டின. அவை வந்திறங்கிய இடங்களில் ஒன்று நம்ம பினாங்கு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்கள் கொழித்து, 1860 வாக்கில் நோய் தாக்கி அழிந்தன. பாலேக் பூலாவில் இன்றும் மரங்கள் உண்டு. பாடாங் செராயிலிருந்து பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பச்சைப்பிள்ளைக்கு உரைமருந்தில் ஜாதிக்காய் இழைப்பது நம் பாட்டிமாரின் கைப்பழக்கம் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, ‘குக்கி’ என்ற சொல். டச்சு மொழியில் ‘கூக்யே’ என்றால் சின்னக் கேக்கு. டச்சுக்காரர் குடியேறிய நியூயார்க் பக்கமாக அது அமெரிக்க ஆங்கிலத்துக்குள் போனது. அதே சொல் இலங்கையில் ‘கொக்கிஸ்’ ஆனது. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, சூடான அச்சைத் தோய்த்து எண்ணெயில் பொரிப்பார்கள். அட, இது நம்ம அச்சு முறுக்கு மாதிரியே இருக்கே என்கிறீர்களா? மாதிரி என்ன, ஏறக்குறைய அதேதான். மலாய்க்காரர்களிடம் அதுவே குவே ரோஸ். நாம் தீபாவளிக்கு அந்த மாவில் முட்டையும் உடைத்து ஊற்றுகிறோம்!

கேரளத்துத் தலச்சேரியில் இன்னொரு கதை சொல்வார்கள். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கை மாம்பள்ளி பாப்பு என்ற பிஸ்கட் வியாபாரியிடம் காட்டி, இதுபோலச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாப்பு உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக்கு அதுதான் என்று அந்த ஊர் இன்றும் பெருமைப்படுகிறது.

கெடா 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ரப்பர் தோட்டங்கள் பெருகின, கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். துரை பங்களாவில் கிறிஸ்மஸுக்குக் கேக்கு வெந்திருக்கும். லயத்தில் இருந்தது விறகடுப்புதான், அவன் ஏது? (இந்த ‘அவன்’ வகுப்பில் சிரிப்பைக் கிளப்பும். சுட்டுப்பெயர் பாடத்துக்கு உதவும்.) நம் பலகாரத் தட்டில் முறுக்கு, அதிரசம் என்று எண்ணெயில் வெந்தவை நிறைந்திருப்பதற்கு அந்த அடுப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பக்கத்துக் கம்பத்தில் மேலும் கீழும் தணல் வைத்து பாவுலு சுட்டார்கள். நம் வீடுகளுக்கு கேஸ் அடுப்பும் அவனும் வந்த பிறகு நெய் பிஸ்கட்டும் தீபாவளித் தட்டில் ஏறிவிட்டது. அதை யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை.

அந்த மாணவியின் கட்டுரையைத் திருத்தும்போது, பாட்டி வீட்டு அச்சைப் பற்றியும் ஒரு பத்தி கேளுங்கள். இரும்பா, பித்தளையா? எந்தத் தோட்டத்தில் இருந்தபோது, யாரிடம் வாங்கியது? தாமான் வீட்டுக்கு மாறி வந்தபோது அதையும் எடுத்து வந்தார்களா?