நினைப்பில் ஓடிய விரல்கள்

கட்டைவிரல் நுனியால் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று வரிசையாகத் தொட வேண்டும். 30 விநாடி தொடுவது, 30 விநாடி சும்மா இருப்பது. மூளைக் கட்டிக்கு அறுவை செய்யும் முன், கையை அசைக்கும் இடம் கட்டிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ.யில் நாங்கள் கொடுக்கும் வேலை இது. கோவையில் இந்தக் கன்சோல் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரிடம் மைக்கில் "தொடுங்க", "நிறுத்துங்க" என்று சொல்லியே எனக்கு இருபது ஆண்டுகள் போய்விட்டன.

சில மாதங்களுக்கு முன் சோமனூர்ப் பக்கத்திலிருந்து விசைத்தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். மோதிரத்தையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றி மனைவியின் முந்தானையில் முடியச் சொல்லிவிட்டுப் படுத்தார். விரல்கள் அழகாக ஓடின. நாற்பது வருடம் அறுந்த இழையை முடிந்த விரல்கள். ஆனால் திரையில் படம் தெளியவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் அவரே கேட்டார்: "ஏனுங்க, நீங்க நிறுத்தச் சொன்னப்பவும் மனசுக்குள்ள வெரலு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அது தப்புங்களா?"

எங்கள் கணக்குக்குத் தப்புதான். அசைத்த நேரத்துப் படத்திலிருந்து சும்மா இருந்த நேரத்துப் படத்தைக் கழித்துத்தான் விடை வருகிறது. சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் மனம் வேலை செய்தால் கழித்தல் குழம்பும். மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடி எடுத்தோம். அவர் கேட்ட கேள்வியை மட்டும் என்னால் விட முடியவில்லை. அசையாமல் நினைத்தால் மூளையில் என்ன நடக்கிறது? என் தொழிலின் பழங்கதையே இந்தக் கேள்விதான்.

1877-இல் இத்தாலியில் மிக்கேலே பெர்த்தினோ என்ற விவசாயியின் தலையில் செங்கல் விழுந்து மண்டையோடு உடைந்தது. எலும்பு போன இடத்தில் மூளை துடிப்பது வெளியே தெரிந்தது. தூரின் நகர உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ அந்தத் துடிப்பைச் சுழலும் உருளையில் கோடாகப் பதிய வைத்தார். நண்பகல் மாதாகோவில் மணி அடித்ததும் கோடு உயர்ந்தது. கையின் நாடியில் அந்த மாற்றம் இல்லை. மணியைக் கேட்டதும் ஜெபம் சொல்லவில்லையே என்று நினைத்தாயா என்று மோசோ கேட்க, மறுபடி உயர்ந்தது. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் அப்படியே. பிறகு அவர் ஆளையே படுக்கவைத்து நிறுக்கும் தராசுப் பலகை ஒன்று செய்தார். யோசிக்க யோசிக்க இரத்தம் தலைக்கு ஏறி, தலைப்பக்கம் தாழும் என்பது அவர் எதிர்பார்ப்பு. எங்கள் ஸ்கேனர் மேசையில் ஒருவரைப் படுக்கவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வரும்.

நடுவில் ஒரு பெரிய ஏமாற்றமும் உண்டு. 1940-களில் அமெரிக்காவின் சீமூர் கெட்டி, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கவைத்து மூளை முழுவதற்கும் பாயும் இரத்தத்தை அளக்க வழி கண்டார். 1955-இல் அவரும் லூயி சோகோலாஃபும் சேர்ந்து, மனக்கணக்குப் போடுகிறவர்களிடம் அதை அளந்தார்கள். மொத்தத்தில் மாற்றமே இல்லை. மொத்தத்தை அளந்ததால்தான் பிடிபடவில்லை. ஊருக்குப் போகும் மொத்தத் தண்ணீரை அளந்தால், எந்தத் தெருக் குழாய் திறந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தெருத் தெருவாக அளந்தவர்கள் கோபன்ஹேகனில் நீல்ஸ் லாசனும் சுவீடனின் லுண்ட் நகரில் டேவிட் இங்வாரும். நோய்க்காக எப்படியும் கழுத்துத் தமனியில் ஊசி போட வேண்டியிருந்த நோயாளிகளின் சம்மதத்தோடு, கதிரியக்க செனான்-133 கரைந்த திரவத்தை அந்த வழியே செலுத்தினார்கள். தலையின் பக்கவாட்டில் 254 உணர்கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு பொறுப்பு. செனான் எவ்வளவு சீக்கிரம் அடித்துச் செல்லப்படுகிறதோ அவ்வளவு இரத்தம் அங்கே பாய்கிறது என்று அர்த்தம். அதைக் கணினி வண்ணக் கட்டங்களாகத் திரையில் போட்டது. இன்று நாங்கள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் வண்ணப் படங்களுக்கு அவைதான் பாட்டன்.

அந்தக் கோபன்ஹேகன் குழுவில் இருந்த பெர் ரோலண்ட் 1980-இல் வெளியிட்ட ஆய்வை நான் படித்தது நள்ளிரவு ஷிஃப்டில். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த வேலையும் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடுவதே. வரிசை மட்டும் எங்களுடையதைவிடச் சிக்கலானது. சாதாரணமாக ஒரு சுருள்வில்லை விரலால் அழுத்தியபோது, கையை ஆளும் முதன்மை இயக்கப் பகுதியில் இரத்தம் கூடியது. சிக்கலான வரிசையை விரல்கள் ஓட்டியபோது, அதோடு உச்சந்தலைக்குக் கீழே நடுக்கோட்டை ஒட்டிய துணை இயக்கப் பகுதியிலும் கூடியது. மூன்றாவதாக, விரலை அசைக்காமல் அதே வரிசையை மனத்துக்குள் ஓட்டச் சொன்னார். முதன்மைப் பகுதி அடங்கியிருந்தது. துணைப் பகுதி மட்டும் எழுந்து நின்றது. சோமனூர்ப் பெரியவரின் கேள்விக்கான பதில் அவர் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

ஊசியும் கதிரியக்கமும் இல்லாமல் இதைப் பார்க்கும் வழி 1990-இல் வந்தது. ஆக்சிஜனை இழந்த இரத்தத்துக்குக் காந்தப்புலத்தில் வேறு குணம் என்று லைனஸ் பாலிங் 1936-லேயே காட்டியிருந்தார். பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா அந்தக் குணத்தையே எம்.ஆர்.ஐ. படத்துக்கு மையாக்கினார். வேலை செய்யும் இடத்துக்குத் தேவைக்கு மேலேயே புது இரத்தம் வந்து சேர்கிறது, அதனால் சமிக்ஞை சில சதவீதம் கூடுகிறது. அது உச்சம் தொட ஐந்தாறு விநாடி பிடிக்கும். 1992-இல் மனிதரிடம் இதைக் காட்டிய முதல் ஆய்வுகளிலும் கை இருந்தது: பாஸ்டன் குழு கையை மூடித் திறக்கச் செய்தது, மில்வாக்கியில் பீட்டர் பாண்டெட்டினி குழு விரல் தட்டச் செய்தது. அதே மில்வாக்கியில் 1995-இல் பரத் பிஸ்வால் இன்னொன்றைக் கண்டார். ஆள் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகள் சேர்ந்தே மெல்ல ஏறி இறங்குகின்றன. நாங்கள் சும்மா என்று சொல்லும் நேரம் மூளைக்குச் சும்மா அல்ல.

2006-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன், சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்த அசைவாலும் பதில் சொல்லாத 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேனரில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார். உணர்வே இல்லை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தவர் அவர். துணை இயக்கப் பகுதி எழுந்தது, நலமாக உள்ளவர்களிடம் எழுவதைப் போலவே. வீட்டின் அறைகளில் நடப்பதாக நினைக்கச் சொன்னபோது வேறு இடங்கள். 2010-இல் பெல்ஜியத்தின் லியேஜ் குழுவும் கேம்பிரிட்ஜ் குழுவும் சேர்ந்து 54 நோயாளிகளைப் பார்த்தன. ஐந்து பேரிடம் இப்படிப் பதில் கிடைத்தது. அவர்களில் ஒருவர் ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்ற ஏற்பாட்டில் ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்.

எங்கள் ஸ்கேனரில் இந்தச் சோதனை செய்வதில்லை. ஐ.சி.யூ.விலிருந்து கண்ணும் திறக்காமல் வருகிறவர்களுக்குக் கட்டமைப்பு ஸ்கேன் மட்டும்தான். 54 பேரில் ஐவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 2010 கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, அவர்கள் காதில் பஞ்சு வைக்கும் முன் குனிந்து, தறிக்காரரைப் போன்றவர்களிடம் சொல்வதையே சொல்கிறேன்: "அய்யா, இப்ப டொக்கு டொக்குனு சத்தம் வருமுங்க. பத்து நிமிசந்தான். நான் இங்கயேதான் இருக்கறேன்."