பிள்ளைமையில் ஊன்றிய அச்சமும் பழையனூர் நீலியும்

பொய்யாய் அழுபவரைக் கண்டால் ‘நீலிக் கண்ணீர்’ என்று கூறுவது தமிழ் வழக்கு. அவ்வாறு கூறுவோருள் பலர் நீலியின் கதையை முழுமையாக அறிந்தவர் அல்லர். ஆயினும் அப்பெயரைக் கேட்டதும் உள்ளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருள் படிகிறது. அறிவு ஒப்பாத ஒன்றை நெஞ்சு ஒப்பிக்கொண்டிருக்கும் இந்நிலை, பிள்ளைமையில் கேட்ட கதைகள் வளர்ந்த பின்னும் விட்டுச் செல்லும் தடம் ஆகும். தொண்டை மண்டலத்தில் அத்தடத்தை ஆழமாகப் பதித்தவள் பழையனூர் நீலி.

அவள் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாக வழங்கும் வடிவத்தில் அதன் தொடக்கம் காஞ்சி மாநகரே. காஞ்சியிலிருந்து காசிக்குச் சென்ற அந்தணன் ஒருவன் அங்கு ஒருத்தியை மணந்து, திரும்பும் வழியில் திருவாலங்காட்டை அடுத்த காட்டில் அவளைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவள் பேயாகிக் காத்திருந்தாள். பிறந்த குழந்தையின் சாதகத்தைக் கணித்தவர்கள், இவனுக்குப் பேயால் இறுதி உண்டு என்றனர். தந்தை நடுங்கினார். மந்திரித்த கத்தி ஒன்றை மகனுக்கு அளித்து, எந்நாளும் இதனைக் கைவிடாதே என்று சொல்லி வளர்த்தார்.

மகன் வளர்ந்து வாணிகம் மேற்கொண்டான். கத்தியும் உடன் சென்றது. பழையனூர் எல்லையில் ஒருநாள் நீலி எதிர்ப்பட்டாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர் அவையில் முறையிட்டு அழுதாள். அவன் பேய் என்றான். அவையோர் மனைவி என்றனர். இருவரும் ஓரிரவு ஓரிடத்தில் தங்குக என்று தீர்ப்பளித்தபோது, அவன் கையிலுள்ள கத்தியைக் கண்டு தனக்கு அச்சமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். வேளாளப் பெருமக்கள் எழுபதின்மரும் கத்தியை வாங்கிக்கொண்டனர். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனுக்கு உறுதி கூறினர். பொழுது விடிந்தபோது வணிகன் இறந்து கிடந்தான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

இக்கதையின் பழமை ஐயத்திற்கு இடமற்றது. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சத்தால் ஓருயிர் கொண்டவளைக் குறிப்பிடுகிறார். அச்செய்தியைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்றே அவ்வூரைச் சுட்டுகிறார். ஆகவே 7ஆம் நூற்றாண்டிலேயே அக்கதையும் அதன் அச்சமும் அவ்வூரின் அடையாளமாகிவிட்டன. சேக்கிழார் காஞ்சியைச் சேர்ந்த திருக்குறிப்புத்தொண்டரின் புராணத்தில் தொண்டை நாட்டின் சிறப்பை விரிக்கும்போது, பழையனூராரின் வாய்மையைப் போற்றுகிறார். அச்சத்தைப் பாடியது ஒரு நூற்றாண்டு, வாய்மையைப் பாடியது மற்றொரு நூற்றாண்டு. புலவர்கள் எழுபதின்மரின் புகழைப் பற்றிக்கொண்டனர். பிள்ளைகளோ நீலியைத்தான் பற்றிக்கொண்டனர்.

பேய்க்கதை என்ற அளவில் இதனை ஒதுக்கிவிடலாகாது. கதையின் உட்கிடையைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். குழந்தைப் பருவத்தில் ஊட்டப்பட்ட அச்சத்தைச் சுமந்து திரிந்தவன் இறுதியில் சரியானவன் ஆகிறான். அச்சத்தை விடு, நாங்கள் இருக்கிறோம் என்று அறிவும் அருளும் கலந்து சொன்ன சான்றோர் தவறியவர் ஆகின்றனர். கத்தியைக் கீழே வைத்த ஒரே இரவில் உயிர் போகிறது. இக்கதையைக் கேட்டு உறங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது வாய்மையை அன்று. கத்தியை எந்நாளும் கைவிடக்கூடாது என்பதையே. அச்சத்தைப் போக்கத் தந்த கருவியே அச்சத்தை நாள்தோறும் நினைவூட்டும் கருவியாகவும் ஆகிவிடுகிறது.

இத்தகைய கருவிகள் தமிழருக்குப் புதியன அல்ல. சங்க காலத்தில் சிறுவர்க்குக் காப்பாகத் தாலி அணிவித்தனர். அதனைத் திருமாலின் ஐந்து படைகளின் வடிவம் பொறித்த ஐம்படைத் தாலி என உரைகாரர் விளக்குவர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர்கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாட்டில், காலில் சதங்கையைக் கழற்றிய அவ்விளைஞன் கழுத்தில் தாலியை இன்னும் களையாமலே தேரில் நிற்கிறான். புலவர் பாடியது அவன் இளமையையும் பெருமிதத்தையும்தான். எனினும் ஏழு பகைவரை எதிர்த்து நின்றவன் கழுத்தில் தாய் கட்டிய காப்பு ஊசலாடும் அக்காட்சி, மனித இயல்பின் ஓவியமாகவும் அமைந்துவிட்டது. கழற்ற மறந்த தாலியோடு போர்க்களம் புகாதவர் உலகில் எத்தனை பேர்!

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைக் கூறுவார். பேயும் வருத்தும் தெய்வமும் ஆகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என்பன அவை. காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் இளமை அச்சங்களை எழுதும்போது கள்வர், பேய், பாம்பு என்று மூன்றனைச் சொல்கிறார். அரசன் ஒருவனை நீக்கினால் எஞ்சிய மூன்றும் அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. பிற்காலத்தில் அரசுக்கு அஞ்சாமையே அவர் வாழ்வாயிற்று என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

காந்தியடிகளின் அவ்வாக்குமூலம் பிள்ளைமை அச்சம் வளர்ந்த பின்னும் நீடிப்பதற்குச் சிறந்த சான்று. பதின்மூன்றாம் வயதில் மணமான பின்னரும் விளக்கில்லாத அறையில் அவரால் உறங்க இயலவில்லை. ஒரு திசையிலிருந்து பேயும், மற்றொன்றிலிருந்து கள்வரும், வேறொன்றிலிருந்து பாம்பும் வருவனபோல் தோன்றும். அருகில் உறங்கிய கஸ்தூரிபாவுக்கு இருளிடம் அச்சமே இல்லை. அவரிடம் இதனைச் சொல்லவும் கணவருக்கு நாணம். ரம்பா என்னும் முதிய பணிப்பெண் இராமநாமத்தைச் சொல்லிக் கொடுத்தார். அம்மருந்தைவிட மருந்து தந்தவரிடமே தமக்கு நம்பிக்கை மிகுதியாக இருந்தது என்று காந்தியடிகள் எழுதுவது ஆழ்ந்த உண்மை. தந்தை தந்த கத்திக்கும் ரம்பா தந்த சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: கத்தி ஒருவனைத் தனியே விட்டது; சொல்லோடு ஓர் ஆளும் உடன் நின்றார். 1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவியபோது மேற்கொண்ட நோன்புகளுள் அஞ்சாமையையும் அவர் ஒன்றாக வைத்தார்.

அச்சம் எவ்வாறு ஊன்றுகிறது என்பதை மேலைநாட்டு உளவியலார் 1920இல் ஓர் ஆய்வால் காட்டினர். வாட்சன், ரேனர் என்னும் இருவர், வெள்ளெலியைக் கண்டு அஞ்சாத ஒரு குழந்தையின் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். எலியைத் தொடும்போதெல்லாம் பேரொலி எழவே, சில முறைகளில் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பின்பு முயலுக்கும் மென்மயிர் ஆடைக்கும் அழுதது. அறத்திற்கு ஒவ்வாத அவ்வாய்வை இன்று எவரும் செய்யத் துணியார். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் எதிர்வழியில் சென்றார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விரும்பி உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் அருகில் கொணர்ந்து, இறுதியில் அவனே அதனைத் தடவும்படி செய்தார். அஞ்சியதை அருகிருந்து காணச் செய்வதே அவர் கண்ட வழி.

அவ்வழியைத் தமிழ்க் காப்பியம் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கதையாக்கி வைத்திருக்கிறது. அதுவே நீலகேசி. அதன் ஆசிரியர் பெயர் தெரியாத சமணப் புலவர். நாடறிந்த பேயைத் தலைவியாக்கிய அவர் துணிவு பெரிது. சுடுகாட்டை அடுத்த காளி கோயிலில் தங்கியிருந்த முனிச்சந்திரர், உயிர்ப்பலி இடவந்த மக்களிடம் உயிருக்கு மாற்றாக மண்ணுருவங்களைப் படைக்கச் சொல்கிறார். பலியிழந்த காளி, தன்னால் இயலாமையால் பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி நள்ளிரவில் வந்து தான் அறிந்த அச்சுறுத்தல்களையெல்லாம் செய்து பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. அரசமகள் வடிவில் வந்து மயக்க முயல்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. இறுதியில் உண்மையைச் சொல்லி அவர்முன் அமர்ந்து அறம் கேட்கிறாள்.

முனிவர் கையில் மந்திரக் கத்தி இல்லை என்பது கருதத்தக்கது. அவர் நீலியை ஓட்டவும் இல்லை, எரிக்கவும் இல்லை, அவளோடு பேசினார். பழைய கதையில் அழுகையன்றி வேறு மொழி அறியாதவள், இக்காப்பியத்தில் குண்டலகேசியோடும் மொக்கலனோடும் சாங்கியரோடும் வைசேடிகரோடும் வாதம் புரியும் தருக்க வல்லுநர் ஆகிறாள். நூலின் பத்துச் சருக்கங்களுள் முதலாவது அறவுரை. எஞ்சிய ஒன்பதும் அவள் வாதங்கள். வாதங்கள் வறண்டவை, ஒருசார்பானவை என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆனால் ஊரை அச்சுறுத்திய உருவத்தின் வாயில் அறிவின் மொழியை வைத்த செயலுக்கு ஈடு காண்பது அரிது. அதே திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று இறைவன் ஆடலைப் பாடினார் என்பதையும் இணைத்து நோக்கினால், அந்தச் சுடுகாடு தமிழ்க் கவிதைக்கு எத்தகைய விளைநிலமாக இருந்தது என்பது புலனாகும்.

இக்கதையை இவ்வாறு மாற்றுவதற்குச் சமணரிடம் கோட்பாட்டு வலிமையும் இருந்தது. குந்தகுந்தரின் சமயசாரம், நற்காட்சி உடையோர் ஏழு அச்சங்களின் நீங்கியவர் என்கிறது. இம்மை, மறுமை, காப்பின்மை, அரணின்மை, இறப்பு, நோவு ஆகியவற்றைப் பற்றிய அச்சங்களோடு, காரணமின்றித் திடீரென ஏதோ நேர்ந்துவிடும் என்னும் அச்சத்தையும் ஏழாவதாக எண்ணுவர். பிள்ளைமையில் ஊன்றி மூப்புவரை உடன்வருவது பெரும்பாலும் அந்த ஏழாவதே. வர்த்தமானரின் பிள்ளைமையைப் புராணங்கள் பாடும்போதும் இதனையே காட்டுகின்றன. தேவன் ஒருவன் பெரும் பாம்பாகி மரத்தைச் சுற்றிக்கொள்ள, உடன் விளையாடிய சிறுவர் ஓடினர். அவரோ அதனை நெருங்கி அதனோடு விளையாடினார்.

அவ்வர்த்தமானருக்குரிய திரைலோக்கியநாதர் கோயில் காஞ்சியின் புறத்தே திருப்பருத்திக்குன்றத்தில் உள்ளது. பட்டுக்குப் பெயர்பெற்ற நகரின் அருகே பருத்தியின் பெயர்தாங்கிய இச்சிற்றூர் சின காஞ்சி எனப்பட்டது. பல்லவர் காலத்திலேயே பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்கு நிலம் அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. விசயநகரத் தண்டநாயகன் இருகப்பன், தன் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி 1387-88இல் இங்கு மண்டபம் எடுப்பித்தான். விதானங்களில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ணத்தில் விரிகின்றன. 1934இல் டி. என். இராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக எழுதிய நூல் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தது.

இக்கோயிலின் குரா மரத்தடியில் மல்லிசேன வாமனர், புட்பசேனர் ஆகிய முனிவர்களை நினைவூட்டும் பீடங்கள் உள்ளன. மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவர் இவ்வூர் முனிவரே என்றும், நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வரைந்தவரும் அவரே என்றும் ஆய்வாளர் கொள்வர். அவ்வுரை இல்லையேல் நீலகேசியின் வாதங்கள் பல இன்று விளங்கா. மறைந்துபோன குண்டலகேசியைப் பற்றி அறிவனவும் குறைந்திருக்கும். நூலையும் உரையையும் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார்.

எனினும் வாமனரின் நீலி நூலகங்களில் இருக்கிறாள். கத்தியைப் பறித்த நீலியே நாவில் இருக்கிறாள். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959இல் மறைந்தபின் 1961இல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ திரைப்படத்தில், வேலையற்றோர் கட்டிவிடும் மரத்துப் பேய்க்கதைகளை நம்பாதே என்று ஒரு சிறுவனிடம் பாடும் அவர் பாடல் இடம்பெற்றது. திரையரங்குகளில் அதனைக் கேட்டு மகிழ்ந்த பெற்றோர், வீடு திரும்பி உண்ண மறுத்த பிள்ளைக்கு மீண்டும் பூச்சாண்டியைக் காட்டியிருக்கவும் கூடும்.