அந்த நாளை யார் கொண்டுவருவார்? ஒரு குமாவோனி பாட்டின் கதை

போராட்டப் பாட்டுன்னாலே “நாம ஜெயிப்போம்”னு அடிச்சுச் சொல்லணும், இல்லையா? இன்னைக்கு நான் பேசப்போற பாட்டு அப்படிச் சொல்லாது. இமயமலை அடிவாரத்துல, குமாவோன் பகுதியில பிறந்த பாட்டு இது. எழுதியவர் கிரீஷ் திவாரி. ஊர் அவரை ‘கிர்தா’ என்றே கூப்பிட்டது.

1945-ல் அல்மோரா மாவட்டத்தில் பிறந்தவர். நைனிதாலில் மத்திய அரசின் பாடல், நாடகப் பிரிவில் வேலை. கையில் எப்போதும் ஹுட்கா இருக்கும். நம்ம உடுக்கையோட மலைநாட்டுச் சொந்தக்காரன்னு வெச்சுக்கோங்க. அங்கே வயலில் நாற்று நடும்போது ஒருவர் ஹுட்கா அடித்துப் பாடுவார், நடுகிற பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். மேடை, டிக்கெட் எதுவும் வேண்டாம். கிர்தா அந்த முறையை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தார்.

1977-ல் நைனிதாலில் அரசு காட்டு மரங்களை ஏலம் விட்டது. கௌர்தா என்ற முந்தைய தலைமுறைக் கவிஞர், மரங்களே அழுது முறையிடுவதுபோல ஒரு கவிதை எழுதியிருந்தார். அதை இமயமே மக்களை அழைப்பதுபோல மாற்றி, ஏலத்துக்கு எதிராக கிர்தா பாடினார். 1994-ல் தனி மாநிலப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, நைனிதாலில் தினமும் சாயங்காலம் தெருவில் கூட்டம் கூடும். அன்றைய செய்தியை வாசிப்பார்கள். கிர்தா அதைப் பாட்டாகவே சொல்வார்!

அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பரவியதுதான் நம்ம பாட்டு. பெரியவன் சின்னவன் இல்லாத, உன்னுது என்னுது இல்லாத ஒரு நாள் இந்த உலகத்துக்கு வரும் என்கிறது. அடுத்து வருவதுதான் முக்கியம். நம்மால் அதைக் கொண்டுவர முடியாமல் போகலாம், உங்களாலும் முடியாமல் போகலாம், ஆனால் யாராவது ஒருத்தர் கொண்டுவருவார்.

2000 நவம்பர் 9 அன்று மாநிலம் கிடைத்தது. அப்போ அந்த நாள் வந்துடுச்சா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்க. மாநிலத்தின் மக்கள்தொகை கூடியது. ஆனா கிர்தா பிறந்த அல்மோரா மாவட்டத்துல மட்டும், பக்கத்து பௌரி மாவட்டத்துல மட்டும், பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட ஆட்கள் குறைஞ்சிருந்தாங்க. பிழைப்புத் தேடி இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள்.

மாநிலம் மட்டும்தான் கனவு என்று எழுதியிருந்தால், இந்தப் பாட்டு 2000-த்தோடு முடிஞ்சிருக்கும். கிர்தா தேதி குறிக்கவில்லை, பெயரும் எழுதவில்லை. ‘யாராவது ஒருத்தர்’ என்ற அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்.

2010 ஆகஸ்ட் 22 அன்று கிர்தா காலமானார். அவருடைய கடைசி ஊர்வலத்தில் மக்கள் அவர் பாட்டுகளைத்தான் பாடிக்கொண்டு போனார்கள். இப்போ இளைஞர்கள் கிட்டாரோடு அதே பாட்டைப் பாடுறாங்க. எனக்கு அது பழைய பாட்டுக்கான அஞ்சலியாத் தெரியல. அந்தக் காலி இடத்துக்கு அடுத்த ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.