முதியோரும் ஏறும் மினாரா

பெற்றோருடன் பயணம் செல்லும் நாம், ஊரை உயரத்திலிருந்து காண விழைந்தால், பெரும்பாலும் கோபுரத்தில் ஏறுவோர் பிள்ளைகளே. பெற்றோர் கீழே காத்திருப்பர். செங்குத்தான படிகளே காரணம். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரின் கிரால்டா கோபுரம் இதற்கு விலக்கு.

அரபுகள் இஷ்பீலியா என்றழைத்த அந்நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு, முவஹ்ஹிதீன் ஆட்சியாளர்கள் 1184இல் தொடங்கி 1198இல் முடித்த மினாரா அது. உள்ளே 35 சரிவுப் பாதைகள். உச்சியருகே மட்டுமே சில படிகள். மோதினார் குதிரைமீதமர்ந்தே ஏறிச்சென்று பாங்கு சொல்ல இவ்வாறு அமைத்தனர் என்பது வழிவழிச் செய்தி.

1248இல் நகரம் கைமாறிற்று, பள்ளிவாசல் தேவாலயமாயிற்று, 1568இல் உச்சியில் மணிக்கூடு நிறைவுற்றது. சரிவுப் பாதையோ நிலைத்தது. இன்று பெற்றோரின் கைபற்றி மெல்ல ஏறி, அவர்களுடனேயே நகரைக் காணலாம். ஏறுவோரின் சிரமத்தை எண்ணிக் கட்டிய கட்டடம், கட்டியோரின் ஆட்சி மறைந்த பின்னும் மக்களுக்குப் பயன்தருகிறது.