ஃபோர்டு பின்டோ எஞ்சின்: கேம்ஷாஃப்ட் தேய்மானமும் பழுதுநீக்கமும்

1970இல் ஃபோர்டின் ஐரோப்பியக் கார்களில் வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 'பின்டோ'. கோர்டினா, கேப்ரி, சியரா ஆகியவற்றில் ஓடியது. உறுதியான எஞ்சின்தான், கேம்ஷாஃப்ட் ஒன்றே அதன் பலவீனம்.

சிலிண்டர் ஹெட்டின் மேலுள்ள கேம்ஷாஃப்டுக்கு, துளையிட்ட மெல்லிய குழாய் ஒன்று எண்ணெயைப் பீய்ச்சுகிறது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் கசடு அத்துளைகளை அடைத்துவிடும். எண்ணெய் கிடைக்காத கேம் முனையும், அதில் உரசும் ஃபாலோயரும் விரைவில் தேய்கின்றன. முதல் அடையாளம் மேலிருந்து வரும் தட்டல் சத்தம். வால்வு இடைவெளியைச் சரிசெய்தும் அது நீடித்தால் வால்வு மூடியைக் கழற்றிக் கேம் முனைகளைப் பார்க்க வேண்டும். முனையின் உயரம் குறைந்தால் வால்வு முழுதாகத் திறக்காது. எஞ்சின் இழுவையும் குறையும்.

கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பழைய ஃபாலோயர்கள் புதிய முனைகளையும் அரித்துவிடும். எனவே கேம்ஷாஃப்ட், ஃபாலோயர்கள், எண்ணெய்க் குழாய் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டை மறுபடி சாணைபிடிப்பதும் உண்டு. அப்போது கேமின் அடிவட்டம் சிறுத்து, ஃபாலோயர் உரசும் இடம் மாறுவதால் அதையும் ஈடுகட்ட வேண்டும். தண்டு ஹெட்டின் பின்பக்கமாக வெளிவருவதால் பெரும்பாலும் ஹெட்டையே இறக்குவார்கள்.

பொருத்தும்போது முனைகளில் அசெம்பிளி பசை தடவி, வால்வு இடைவெளியை உள்வால்வுக்கு 0.20 மி.மீ., வெளிவால்வுக்கு 0.25 மி.மீ. என வைக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எஞ்சினை ஐட்லிங்கில் விடாமல், சுமார் 20 நிமிடம் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். மெதுவான சுழற்சியில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் புதிய முனைமேல் விழும்.