தக்ஸிம்: ஓர் அணியின் பெயர்க் கதை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாய் விமான நிலையத்தில் இறங்கி இரண்டாம் இணைப்பு நெடுஞ்சாலையில் தெற்கே போனால் இஸ்கந்தர் புத்ரி வரும். அங்கே 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கில் 40,000 பேர் உட்காரலாம். அங்கு ஆடும் காற்பந்து அணியை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஜேடிடி, அவ்வளவுதான். விரித்தால் ஜொகூர் டாருல் தக்ஸிம்.

ஜொகூர் என்பது அரபு 'ஜவ்ஹர்' என்பதன் திரிபு, பொருள் மணி என்பது பெருவழக்கான விளக்கம். ஜவஹர்லாலின் பெயரில் இருப்பதும் இதே மணிதான். டாருலில் உள்ள 'தார்' என்றால் உறைவிடம். பா. தாவூத் ஷா நடத்திய 'தாருல் இஸ்லாம்' இதழைக் கேள்விப்பட்ட தமிழர்களுக்கு இது புதிய சொல்லல்ல. மூன்றாவது 'தஃஸீம்': பெருமைப்படுத்துதல், மரியாதை செய்தல். அஸீம் என்று பிள்ளைக்கு வைக்கிற பெயரும், ஜின்னாவின் 'காயிதே ஆஸம்' பட்டத்தில் உள்ள ஆஸமும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேரிலிருந்தே அரபியில் எலும்புக்கும் ஒரு சொல் உண்டு. தொண்டையில் எழும் 'ஐன்' ஒலி அசையின் முடிவில் வந்தால் மலாய்க்காரர் வாயில் ககரமாகும். நிஃமத் நிக்மத் ஆனதும் மஃனா மக்னா ஆனதும் அப்படித்தான். தஃஸீம் தக்ஸிம் ஆயிற்று.

டாருல் தக்ஸிம் என்பது ஜொகூர் மாநிலத்தின் பட்டப்பெயர். சிலாங்கூருக்கு டாருல் ஏசான், கிளந்தானுக்கு டாருல் நாயிம் என்பதுபோல. அது சட்டையில் ஏறியது 2013இல். அதற்கு முன் இதே அணி ஜொகூர் எஃப்சி. அதற்கும் முன், 1972இல் தொடங்கியபோது, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கமான பிகேஇஎன்ஜே. அதில் ஜொகூரின் 'ஜே' கடைசி எழுத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய சுருக்கத்தில் முதல் எழுத்தாகிவிட்டது. அலுவலக அணி அரச அணியான கதையை இந்த ஓரெழுத்தின் இடப்பெயர்ச்சியே சொல்லிவிடும்.

தோற்ற பின் புதுப்பெயரோடு எழுவது ஜொகூருக்குப் பழக்கம். ஆற்றங்கரைத் தலைநகர் ஜொகூர் லாமாவை 1587இல் போர்த்துகீசியர் அழித்தார்கள். லாமா என்றால் பழையது. 1866இல் ஆட்சியாளர் அபு பக்கார் தன் துறைமுகத்துக்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர், என்று பெயரிட்டார்.

காற்பந்திலும் 2012க்குள் ஒரு மறுகட்டமைப்பு தேவைப்பட்டது. 1991இல் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற மாநிலம் அது. இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலச் சங்கத்தின் தலைவரானதும், சிதறிக் கிடந்த பலத்தை ஒரே அணியில் குவித்தார். இளையவர்களை வைத்து மூன்று நான்கு பருவம் பொறுப்போம் என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்க லீகுகளில் கடைசியாக வந்தால் அடுத்த ஆண்டு நல்ல இளம் வீரரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அங்கே தோற்பதிலும் ஒரு லாபம் உண்டு. கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் லீகில் தோற்றால் கிடைப்பது கீழ்ப்பிரிவுதான். தவிர, மரியாதையையே பெயராகப் போட்டுக்கொண்ட அணி எந்த முகத்தோடு 'கொஞ்சநாள் தோற்கிறோம், பொறுங்கள்' என்று கேட்கும்?

ஆகவே ஸ்பெயினின் டானி குய்சா வந்தார், இத்தாலியின் சிமோனே டெல் நெரோ வந்தார். முதல் பருவத்தில் மூன்றாமிடம். எஃப்ஏ கிண்ண இறுதியில் கிளந்தானிடம் 0-1 தோல்வி. பருவம் முடியும் முன்பே பயிற்றுநர் ஃபாண்டி அகமது போய்விட்டார். பெரிய பெயர்களை வாங்கினால் போதும் என்ற நினைப்பு அந்த ஆண்டிலேயே கொஞ்சம் கலைந்திருக்கும். 2014 முதல் 2024-25 வரை லீக் பட்டம் 11 முறை தொடர்ந்து. 2015இல் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கிண்ணம்; தென்கிழக்காசியக் கிளப் ஒன்று அதை வென்றது அதுவே முதல்முறை. நம் வீரர் எஸ். குணாளன் அந்த அணியில் இருந்தார்.

2013 எஃப்ஏ கிண்ண இறுதியில் ஜேடிடியை வென்ற கிளந்தான், 2012இல் மூன்று கிண்ணங்களை ஒரே ஆண்டில் அள்ளிய அணி. 2018இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. டாருல் நாயிம், அதாவது பேரின்ப உறைவிடம், என்பது பட்டப்பெயரில் மட்டும் மிச்சம்.

அப்படியானால் ஜொகூரில் மறுகட்டமைப்பே நடக்கவில்லையா? நடந்தது, வேறொரு பெயரின் தலையில். 1991இல் இரட்டைப் பட்டம் வென்ற மாநிலச் சங்க அணி இரண்டாம் பிரிவில் விடப்பட்டு, ஜேடிடி 2 என்று பெயர் மாறி, மேலணிக்கு இளம் வீரர்களை வளர்த்துத் தரும் அணியானது. மேலே புதுப்பெயர் கிண்ணங்களுக்குப் போட்டியிட, கீழே பழைய அணி பொறுமையாக ஆள் தயாரித்தது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் இதற்குத் தியாகம் செய்ய ஒரு மூத்த அணியும், செலவழிக்க ஓர் அரண்மனையும் வேண்டும். மற்ற மாநிலங்களுக்கு இது வாய்ப்பதில்லை. 2022க்குப் பின் மலேசியாவில் இரண்டாம் பிரிவு லீகே கலைக்கப்பட்டது. அதன்பின் அந்தப் பழைய சாம்பியனின் வாரிசு மாற்றணிகளுக்கான போட்டிகளுக்கு மாறியது.