சட்டம் படிக்கும் பிள்ளையிடம் நாங்கள் கேட்காத கேள்வி



உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் ஊர்களில் வாழ்த்துப் பதாகைகள் தொங்கும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவான பிள்ளைகளுக்குப் பாராட்டு விழாவும் உதவிப்பணமும் கிடைக்கும். சட்டத்துக்குத் தெரிவான பிள்ளைக்கும் கைதட்டல் உண்டு. ஆனால் "சட்டத்தில் எந்தத் துறையைப் படிக்கப் போகிறாய்?" என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதால் நாங்கள் எதை இழந்தோம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவான ஒரு வழக்கம், வீடு பெண்பிள்ளைக்கு என்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடி தாய்வழியில் வரும். இந்தக் கரையில் தாய்வழிச் சொத்துரிமைக்கென்றே முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை 1876இல் ஒரு நூலாக எழுதினார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை இன்றும் நீதிமன்றத்தில் பேசப்படுகிறது. முக்குவர் சட்டம் பழைய புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இனி இன்னொரு கதை. மாஸ் தாஜூன் அக்பர் மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். பொறியியல் படிக்கத்தான் போனார், அங்கே சட்டத்துக்கு மாறினார். பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசரானார். பேராதனையில் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அக்பர் விடுதி தெரியும், அது அவர் பெயரில்தான் இருக்கிறது. முஸ்லிம் சட்டத்தை ஆராய 1928இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். அதன் பயனாக வந்தது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் பின்பற்றிய மத்ஹபின்படி பங்கிடப்படும் என்று அது சொல்கிறது.

அதே சட்டத்தில் எங்கள் கரையின் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டிய ஒரு வரி உண்டு. நன்கொடை உறுதியில் "மீளப்பெற முடியாதது" என்று எழுதியிருந்தால்தான் அது மீளப்பெற முடியாத நன்கொடையாகும். மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதிக் கொடுக்கும் எத்தனை பேர் இதைக் கவனிக்கிறோம்?

புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போன இன்னொருவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் மகன், முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி. 1942இல், யுத்த காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல்லுக்குக் குறைவில்லாத ஊரில் படிப்பு இல்லாததைக் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அப்போது பிறந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. அதே வருடம்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தது.

'காசில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது' என்பதே இத்தகைய நிதியங்களின் நோக்கம். 1981இல் சட்டமாக்கப்பட்ட மகாபொல நிதியத்தின் நோக்கமும் அதுதான். இந்த உதவி இன்றும் தேவை. ஆனால் இன்னொரு வகைப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. புல்பிரைட், செவனிங் போன்றவை விண்ணப்பிப்பவரிடம் எதைப் படிக்கப் போகிறாய், ஏன், படித்து என்ன செய்வாய் என்று கேட்கும். நீலன் திருச்செல்வம் புல்பிரைட் உதவியோடு ஹார்வர்டில் சட்டம் படித்துத் திரும்பியவர். சட்டமும் சமூகமும் சந்திக்கும் இடமே அவர் துறை. 1999இல் கொல்லப்படும்வரை அந்த வேலையைத்தான் செய்தார்.

எங்களிடம் இந்த இரண்டாவது வகை இல்லை. அதன் விலையைப் பாருங்கள். பெர்மிட் காணிகளை ஆள்வது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் காணிக்காரர் இறந்தால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகன் என்று அது வைத்திருந்தது. மகளுக்கே வீடு என்று வாழும் கரையின் தலைமேல் அந்த வரிசை கிடந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. இடையில் 87 வருடங்கள்.

காதி நீதிமன்றத்தையும் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. தாபரிப்புக் கேட்டு வரும் பெண் தன் வழக்கைத் தானே சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு அமைந்தது. அறிக்கை 2018இல் வந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிந்த அறிக்கை. எந்தப் பக்கம் சரி என்று இங்கே நாங்கள் வாதிட வரவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுவது எங்கள் ஊர்க் காதி மன்றங்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து எழுதக்கூடிய ஆட்கள்.

எனவே பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. வறுமைக்கும் பெறுபேற்றுக்கும் கொடுப்பதைத் தொடர்ந்து கொடுங்கள். அதற்கு மேல், வருடத்துக்கு ஒரு சட்ட மாணவருக்கு ஒரு தலைப்பைக் குறித்து உதவி செய்யுங்கள். நன்கொடை உறுதி, வக்பு சொத்து, பெர்மிட் காணி, தாபரிப்பு, வாவி மீனவரின் உரிமை என்று தலைப்புக்குப் பஞ்சமில்லை. பெண்பிள்ளைகளுக்கு முன்னிடம் கொடுங்கள், இந்தச் சட்டங்கள் முதலில் தொடுவது அவர்களைத்தான். நிபந்தனை ஒன்று போதும்: படித்ததை எங்கள் உம்மாமார் விளங்கும் தமிழில் ஒரு சிறு கைநூலாக எழுதித் தர வேண்டும்.

பத்து வருடம் தொடர்ந்தால் கையில் பத்துக் கைநூல் இருக்கும். அடுத்த முறை கொழும்பில் ஒரு குழு அமையும்போது இந்தக் கரையின் வழக்கத்தைக் கையில் தாளோடு சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.